முதல் ஒன்றரை நிமிடம்

"என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறோம்? 1984-இல் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி, நோயாளி வாய் திறந்து சராசரியாக 18 விநாடிக்குள் மருத்துவர் குறுக்கே புகுந்துவிடுகிறார். 2002-இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரிலிருந்து இன்னொரு கணக்கு வந்தது. 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 92 விநாடியில் அவர்களே முடித்துக்கொண்டார்கள். விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்ற நம் பயம் எங்கிருந்து வந்ததோ.

வாசலில் நூறு பேர் நிற்கும்போது ஒன்றரை நிமிடமும் பெரிதுதான். ஆனால் முதலில் கொடுக்காத நேரத்தைக் கடைசியில் கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. முட்டிவலி என்று வந்த ஒரு பாட்டி, சீட்டை வாங்கிக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பினார். "அப்புறம் சாமி, தண்ணிக்கொடம் தூக்குனா நெஞ்சை அடைக்குது. செத்த நேரம் நின்னா சரியாப் போயிருது." ஈ.சி.ஜி. எடுக்கவேண்டிய நோய் அதுதான். முட்டியைப் பற்றிப் பேசி முடித்ததும், பேனாவை எடுப்பதற்கு முன்பே, "வேற என்ன தொந்தரவு இருக்கு?" என்று கேட்டால் இது கதவுவரை போகாது.

சிலர் சொல்ல வந்ததைச் சொல்வதற்கு முன் முந்தானை நுனியை விரலில் சுற்றுவார்கள், தரையைப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் நாம் பேசிவிட்டால் போச்சு.

கூட வந்தவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வது நம் ஊர் வழக்கம். அக்கறையில்தான் சொல்கிறார்கள். "அம்மாவே சொல்லட்டும் தம்பி" என்றால் மகன் கோபித்துக்கொள்வதில்லை. மாமியாரோடு வரும் இளம்பெண்ணிடம் மட்டும் இது போதாது. பரிசோதனைக்கு என்று திரைக்குப் பின்னால் அழைத்துப்போய், நர்ஸ் அக்கா பக்கத்தில் நிற்க, தணிந்த குரலில் கேட்க வேண்டும். வெள்ளைப்படுவதும் வீட்டில் அடி வாங்குவதும் அங்கேதான் வெளியே வரும்.

"ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வந்தீங்க?" என்ற கேள்வியை நான் வெறுக்கிறேன். அதைக் கேட்டதும் நோயாளி குற்றவாளி ஆகிவிடுகிறார். மெடிக்கல் கடையில் வாங்கிப்போட்ட மாத்திரையை மறைக்கிறார். "இதுவரைக்கும் என்ன வைத்தியம் பாத்தீங்க?" என்று கேட்டால் நாட்டு மருந்து உட்பட எல்லாம் சொல்வார்.

"புரிஞ்சுதா?" என்றால் "சரிங்க" என்பார்கள். மரியாதைக்குச் சொல்லும் சரி அது. சர்க்கரை குறையவே இல்லை என்று வந்த ஒருவரிடம், இன்சுலினை வீட்டில் எப்படிப் போட்டுக்கொள்கிறீர்கள், காட்டுங்கள் என்றேன். சட்டையைத் தூக்கித் தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தைக் காட்டினார். தொட்டால் கட்டியாக இருந்தது. அங்கே வலிக்காதாம். தினமும் அதே இடத்தில் குத்தித் தடித்துப்போன சதையிலிருந்து மருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராது. காட்டச் சொல்லாமல் இருந்திருந்தால் அளவைத்தான் கூட்டியிருப்போம்.

நாளைக் காலை ஓ.பி.யில் உட்காரப்போகும் பயிற்சி மருத்துவர் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நோயாளி முதல் பேச்சை முடிக்கும்வரை சீட்டில் எதுவும் எழுதாதீர்கள்.