பத்தாவது ஆள்

மட்டாஞ்சேரிக்குள் ஆட்டோ நுழைந்ததும் முதலில் சுக்கு வாசனை வந்தது, அப்புறம் மிளகு, அப்புறம் சாக்கடை. ‘ஜூதப்பள்ளி’ என்று ஓட்டுநர் கையைக் காட்டி இறக்கிவிட்டார். இருபக்கமும் பழம்பொருள் கடைகள். புடவைக் கட்டைப் பார்த்தே ஊரைக் கண்டுபிடித்து, “சும்மா பாத்துட்டுப் போங்கக்கா” என்று தமிழில் கூப்பிடும் பையன்கள். காலையில் கோட்டைக் கொச்சியில் சீனவலையைத் தண்ணீரில் இறக்கி ஏற்றுவதை ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருந்தேன். அத்தனை பெரிய வலையில் ஏறியது நாலு மீன்.

தெருக்கோடியில் மணிக்கூண்டோடு நிற்கிறது பரதேசி ஜெப ஆலயம். 1568இல் கட்டியது. ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் துரத்தப்பட்டும், வேறு பல திசைகளிலிருந்தும் கடலேறி வந்த யூதர்களின் கோயில். பரதேசி என்ற சொல்லை நாம் திட்டுவதற்கு வைத்திருக்கிறோம். இங்கே கோயிலுக்கே அது பெயர். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கொச்சி ராஜாவின் அரண்மனைக் கோயில்.

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். காலடியில் நீலமும் வெள்ளையுமாகச் சீன ஓடுகள். எல்லாம் கையால் வரைந்தவை என்பதால் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லையாம். நானும் ஏழெட்டை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். மேலே கண்ணாடி விளக்குகள், எதிரே திரைக்குப் பின்னால் தோரா என்னும் வேதச் சுருள்கள். சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்களை எண்ணினேன். கல்லூரிப் பிள்ளைகள், வெள்ளைக்காரத் தம்பதி, கோயம்புத்தூர்ப் பேச்சு கேட்ட ஒரு குடும்பம் என்று முப்பது பேருக்குக் குறையாது. இங்கே ஜெபம் நடக்கிறதா என்று காவலரிடம் கேட்டேன். “பத்துப் பேர் தேறினா நடக்கும்” என்றார்.

யூத மரபில் முழுமையான கூட்டு ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும். ஒன்பது பேர் எவ்வளவு உருகினாலும் சில பகுதிகளைச் சொல்ல முடியாது. இந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று தேடியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கானான் தேசத்தை வேவு பார்க்க மோசே 12 பேரை அனுப்புகிறார். இருவர் நம்பிக்கையோடு பேசுகிறார்கள். மீதிப் பத்துப் பேர், அங்கே இருப்பவர்கள் ராட்சதர்கள், நம்மால் ஆகாது என்று புலம்புகிறார்கள். அந்தப் பத்துப் பேரைத்தான் கடவுள் ‘சபை’ என்று குறிப்பிடுகிறார் என்பது யூதர்களின் பழைய சட்ட நூலான தால்முதின் கணக்கு. பக்திமான்களை வைத்து வந்த எண் இல்லை. முணுமுணுப்பவர்கள் பத்துப் பேர் கூடினாலும் சபைதான்.

எண்ணிக்கை மற்ற மதங்களிலும் உண்டு. நம் கடற்கரை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நாற்பது பேர் வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு இரண்டு மூன்று பேர் போதும். எங்கள் வீட்டில் எண்ணிக்கையே கிடையாது. அப்பா தாமிரபரணிக் கரையில் ஒரு சிவன் கோயில் குருக்கள். வீட்டில் செய்வது ஆத்மார்த்த பூஜை, தனக்காக. கோயிலில் செய்வது பரார்த்த பூஜை, உலகத்துக்காக. பார்க்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நடக்க வேண்டும் என்பது ஆகமம். அக்கிரகாரம் காலியாகிக்கொண்டே வந்த வருஷங்களில், “யாருமே இல்லையே, மணியைக் கொஞ்சம் மெதுவா அடிச்சா என்ன?” என்று ஒருநாள் கேட்டேன். “உலகம் அவ்வளவு கிட்டயா இருக்கு?” என்றார். இப்போது அங்கே ஒருகால பூஜை. மூன்று கோயில்களைப் பார்க்கும் அர்ச்சகர் மொபெட்டில் வந்து போகிறார்.

அதனால் இந்தப் பத்துக் கணக்கு முதலில் எனக்கு ஒட்டவில்லை. ஆள் சேராவிட்டால் கடவுளும் காத்திருக்க வேண்டுமா என்று தோன்றியது. இந்த ஊர் விஷயம் தெரியத் தெரிய எரிச்சல் வேறு பக்கம் திரும்பியது.

கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு கொடுத்தான். நம் பழைய கல்வெட்டுகளில் காணும் அதே வட்டெழுத்து. பல்லக்கு, குடை, பகல்விளக்கு என்று 72 உரிமைகள், உலகும் நிலவும் உள்ள காலம்வரை. அவ்வளவு காலம் இருக்க அவர்கள்தான் விரும்பவில்லை. 1948இல் இஸ்ரேல் பிறந்த பிறகு, யாரும் விரட்டாமலே, கொச்சி யூதர்களில் ஆயிரக்கணக்கானோர் புறப்பட்டுப் போனார்கள். மிஞ்சியவர்கள் வயதாகி ஒவ்வொருவராய்ப் போனார்கள். பத்து, ஒன்பதாயிற்று.

ஆனால் ஆள் நிறைய இருந்த காலத்தில் என்ன நடந்தது? விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்களை உள்ளே சமமாக உட்காரவிடவில்லை. முன்கூடத்தில், தரையில்தான் அவர்களுக்கு இடம். தோரா வாசிக்க அழைப்பும் கிடையாது. அவர்களில் பிறந்து வழக்கறிஞரானவர் ஏ.பி. சேலம் (1882–1967). இந்தக் கோயிலுக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்து மெல்ல மெல்ல இடம் வாங்கினார். ‘யூத காந்தி’ என்றே பேர். தன் மக்கள் இஸ்ரேல் போக ஓடியாடி உதவியவர், தான் மட்டும் கொச்சியிலேயே இருந்து கண்ணை மூடினார்.

அவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அப்பா உலகத்துக்காக மணியடித்த கோயிலில், உலகத்தில் பாதிப்பேர் எந்தத் தெருவரை வரலாம் என்று என் தாத்தா காலத்தில் கோடு இருந்தது. பரார்த்தம் என்ற சொல்லில் ‘பர’ என்றால் யார் யார் என்று அப்பாவிடம் நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அந்தப் பத்துக் கணக்கில் பெண்களும் இல்லை. இத்தனைக்கும் கடைசிக் காலத்தில் இங்கே எஞ்சியவர்களில் பெண்களே அதிகம். கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்து, கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் பாடியவர்கள். அந்த நோட்டுகளும் அவர்களோடு போயின.

காவலரிடம் இன்னொன்றும் கேட்டேன்: இப்போது பத்துப் பேர் எப்படித் தேறுகிறார்கள்? “வெளியூர்ல இருந்து வருவாங்க. சுத்திப் பாக்க வந்தவங்கதான்.” நியூயார்க்கிலிருந்தோ ஹைஃபாவிலிருந்தோ கழுத்தில் கேமராவோடு ஊர் பார்க்க வந்த ஒருவரை, நீங்கள் பத்தாவது ஆள், கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்கள் என்று யாரோ கேட்பதை நினைத்துப் பார்த்தேன். அவர் நாத்திகராகக்கூட இருக்கலாம். இன்று படகேறி வந்த பரதேசி தலையில் குல்லாவை வைத்துக்கொண்டு நின்றால்தான் இந்த ஊர் ஜெபம் முழுமையாகும். துறைமுகத்து மனிதர்களுக்கு ஏற்ற மதம்தான் என்று பட்டது. எங்கள் கோயிலுக்கு யாருடைய தேவையும் இல்லை. அதைப் பெருமையாகவே நினைத்து வளர்ந்திருக்கிறேன்.

திரும்பும் படகில் கூட்டம். எர்ணாகுளம் விளக்குகள் தண்ணீரில் நீண்டு ஆடின. அப்பாவின் கடைசி வருஷங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அலங்காரம் முடித்து, தட்டில் கற்பூரத்தை வைத்துவிட்டு, உடனே ஏற்றமாட்டார். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கர்ப்பக்கிருக வாசலுக்கு வந்து, நந்தியைத் தாண்டி, கொடிமரத்தைத் தாண்டி, ராஜகோபுர வாசல்வரை ஒரு பார்வை பார்ப்பார். ஆடு மேய்க்கிற பையன் யாராவது தென்பட்டால் “ஏலே, வா வா” என்பார். யாரும் இல்லையென்றால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போய் ஏற்றுவார்.