வெள்ளிமலைக்கு ஓர் இருக்கை

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான் கல்வராயன் மலை தலைப்புச் செய்தி ஆனது, அதுவும் சாராயம் காய்ச்சும் மலை என்ற பழியோடு. பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து, அம்மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றி விசாரித்தது. நல்ல காரியம்தான். ஆனால் மலைக்குச் சரியான சாலை இல்லை என்பதை அரசுக்குச் சொல்ல நீதிமன்றம்தான் வர வேண்டுமா?

சொல்வதற்கென்றே ஓர் அவை இருக்கிறது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை கூறும் பழங்குடியினர் ஆலோசனைக் குழு தமிழ்நாட்டிலும் உண்டு. உறுப்பினர்கள் 20 பேருக்கு மேல் போகக்கூடாது. ஏறத்தாழ முக்கால் பங்கினர் பழங்குடிச் சட்டமன்ற உறுப்பினர்களாக இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் பழங்குடித் தனித்தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டே. போதாத இடங்களைப் பழங்குடியினரில் மற்றவர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்கிறது அட்டவணை. ஆக, பெரும்பாலான இடங்கள் நியமனத்தின் கையில்.

கல்வராயனின் கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டம், ஏற்காடு தனித்தொகுதி. வெள்ளிமலைப் பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டம், சங்கராபுரம் பொதுத்தொகுதி. ஒரே மலை, இரு பக்கமும் மலையாளிப் பழங்குடிகள். எல்லைக்கோட்டுக்கு வெள்ளிமலைப் புறம் இருப்பவருக்குத் தனித்தொகுதி என்ற வழி அடைபட்டிருக்கிறது. அதனால் குழுவின் நியமன இடங்களில் ஒன்றை வெள்ளிமலைக்குக் கொடுக்க வேண்டும்.

ஊர் பார்த்து இடம் கொடுத்தால் தகுதி பின்னுக்குப் போகும் என்பார்கள். மழையில் பாதை அறுந்தால் கர்ப்பிணியை டோலி கட்டி எந்தச் சரிவில் இறக்குவது, பட்டா மனு எந்த மேசையில் தேங்குகிறது என்று அறிந்திருப்பதைவிட அந்தக் குழுவுக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

இன்னொரு மறுப்பு கனமானது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம், அவர்களில் மலையாளிகளே மிகப் பெரிய பிரிவு. அவர்களுக்கு இன்னோர் இடம் என்றால் தோடர், கோத்தர் போன்ற சிறு குடிகள் ஒதுக்கப்பட மாட்டார்களா? தலை எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டால் நிச்சயம் ஒதுக்கப்படுவார்கள். அதனால் அளவுகோல் அது ஆகக்கூடாது. வேறு வாசல் எவருக்கு இல்லையோ அவருக்கே நியமனத்தில் முதல் உரிமை. அந்த நியாயத்தில் நீலகிரியின் சிறு குடிகளுக்கும் இடமுண்டு, வெள்ளிமலைக்கும் உண்டு.

ஆளைத் தேர்வது யார் என்பதில்தான் இந்த நியாயம் நிற்கும், அல்லது விழும். மேலிருந்து ஆள் வருவது அந்த மலைக்குப் புதிதல்ல. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மண் அது. கட்சிக்காரர் கைகாட்டிய ஒருவர் மலைக்காரராகவே இருந்தாலும், கைகாட்டியவர் முகத்தைப் பார்த்துத்தான் வாய் திறப்பார். அவரை உட்கார வைப்பது வெற்று இருக்கையைவிடக் கேடு, மலையைக் கேட்டாயிற்று என்று கணக்குக் காட்ட அது உதவும். அடுத்த முறை குழுவை அமைக்கும்போது கல்வராயன் மலை ஒன்றியத்தின் கிராம சபைகளிடம் பெயர் கேட்டு, அப்பெயர்களிலிருந்தே ஒருவரை அரசு நியமிக்க வேண்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.