தண்ணீர் டம்ளர்

சைக்கிளின் முன்சக்கரம் கழன்று கிடக்கும்போது பிரேக் லீவரைப் பிடிக்கக் கூடாது. பிடித்தேன். நடுவில் டிஸ்க் இல்லாததால் இரண்டு பேடும் நெருங்கி ஒட்டிக்கொண்டன; சக்கரத்தைத் திரும்ப மாட்டினால் டிஸ்க் நுழைய வழியில்லை. பேடுகளை உருவிவிட்டு, பிளாஸ்டிக் டயர் லீவரால் பிஸ்டன்களை மெதுவாக உள்ளே தள்ளினேன். பத்து நிமிட வேலை.

அடுத்த தப்பு, செயினுக்கு ஸ்பிரே அடித்தது. சிதறிய எண்ணெய் பின் டிஸ்க்கிலும் பட்டிருக்கிறது. மறுநாள் மருதமலை அடிவாரத்தில் பிரேக் பிடித்தேன். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டிஸ்க்கை ஆல்கஹால் விட்டுத் துடைத்து, பேடை உப்புத்தாளில் தேய்த்தும் அலறல் நிற்கவில்லை. எண்ணெய் குடித்த பேடைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினேன். இந்த இரண்டு கதையையும் பார்க்கிறவர்களிடமெல்லாம் நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மூன்றாவதைச் சொல்லவில்லை. அப்போது அது தப்பாகவே தெரியவில்லை.

முன் பிரேக்கில் காற்று புகுந்துவிட்டது. லீவர் பஞ்சு மாதிரி அமுங்கி ஹேண்டில்பாரைத் தொட்டது. பழைய ஆயிலை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். என்னுடையது ஷிமானோ பிரேக். மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். அது தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை, அலமாரியில் பைக்குக்கு வாங்கிய டாட் 4 பிரேக் ஆயில் பாதி பாட்டில் இருந்தது. பைக்கையே நிறுத்துகிற ஆயில், சைக்கிளை நிறுத்தாதா?

நிறுத்தியது. லீவர் கல்லு மாதிரி இருந்தது. ஊற்றும்போது ஃபோர்க்கில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்த துணியில் நீல பெயிண்ட் ஒட்டிக்கொண்டு வந்தது. பெயிண்டையே அரிக்கிற ஆயில் உள்ளே ரப்பரை என்ன செய்யும் என்று அந்த நேரத்தில் யோசித்திருக்கலாம். பெயிண்ட் மட்டம் என்று முடிவுகட்டினேன். ஆபீசில் இருவருக்கு இந்த யோசனையைச் சிபாரிசு வேறு செய்தேன்.

மூன்று வாரம் கழித்து, பிடித்த பிரேக் விடமாட்டேன் என்றது.

பேடுகளை நெருக்கும் காலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது அது பிஸ்டனோடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். விட்டதும் தன் நிலைக்குத் திரும்பி, பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்ளும். ஸ்பிரிங்குக்குப் பதில் அந்த ரப்பரின் நெகிழ்வுதான். மினரல் ஆயிலுக்கென்று செய்த ரப்பர், டாட் ஆயிலில் ஊறினால் உப்பிவிடும். உப்பியது வளையாது, இழுக்காது.

கடைத் தம்பி லீவரை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தான். "ஏனுங்ணா, பைக் ஆயில் ஊத்துனீங்ளா?"

"இல்லையே தம்பி."

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. செலவுக்குப் பயந்து சொன்ன பொய் இல்லை. அவன் ஒன்றும் அபராதம் போடப் போவதில்லை. சர்க்கரை டாக்டரிடம் "இனிப்பே தொடறதில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டும் என் மாமாவை எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன்! சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆள் எதிரே நிற்கிறான். அவனிடம்தான் மறைக்கத் தோன்றுகிறது. டீக்கடை முன்னால் அலறிய பிரேக்கை மறைக்கத் தோன்றவில்லை. அது கவனக்குறைவு, யாருக்கும் வரும். இது என் கெட்டிக்காரத்தனம். கெட்டிக்காரத்தனத்தில் வந்த தப்பை விட்டுக்கொடுக்க மனசு வருவதில்லை.

தம்பி வாக்குவாதம் செய்யவில்லை. டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து, பிரேக்கிலிருந்து எடுத்த ஆயிலை அதில் சில சொட்டு விட்டான். மினரல் ஆயில் தண்ணீரில் மிதக்கும், டாட் கரையும். மஞ்சளாகச் சுருள் சுருளாக இறங்கிக் கரைந்தது. பழைய ஆயிலின் மிச்சம் மட்டும் இளஞ்சிவப்பாக இரண்டு பொட்டு, மேலே மிதந்தது. இருவரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சீல் மட்டும் தனியாக் கிடைக்காதுங்ணா. லீவர், ஓஸு, காலிப்பர் எல்லாம் மாத்தணும்."

"மாத்திடு."

புது பேடைப் பழக்க, காலியான தெருவில் வேகமாகப் போவதும் பிடிப்பதுமாக இருபது தடவை ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி பில்லைப் பார்த்தாள்.

"ஏங்க, பிரேக்கை மொத்தமாவா மாத்துனீங்க?"

"பழசாயிடுச்சு" என்றேன். சைக்கிள் வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது.