விட்டுவிடுதல்

சென்னையிலிருந்து மைத்துனன் ஒரு பிளாஸ்டிக் தொட்டியோடு கரியாலூர் வந்து இறங்கினான். தொட்டிக்குள் ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. வாங்கியபோது ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாம். இப்போது என் உள்ளங்கையில் அடங்கவில்லை. "ஓடையில விட்டுடலாம் மாமா. பாவம், எத்தனை நாள் தொட்டியில கிடக்கும்" என்றான்.

இந்தப் 'பாவம்' என்ற சொல்லில்தான் என் பிரச்னை ஆரம்பிக்கிறது.

நாய் பசித்தால் குரைக்கும். ஆமை கேட்பதில்லை. நீந்துமளவு ஆழமான தண்ணீர், ஏறிக் காய ஒரு கல், நேரடி வெயில் (ஜன்னல் கண்ணாடி வழியே வருவது போதாது), கீரை, சுண்ணாம்புச் சத்து - இவை இல்லாவிட்டால் ஓடு மெதுமெதுவாக மிருதுவாகிறது. மாதக்கணக்கில், சத்தமில்லாமல். கடையில் கொடுத்தனுப்பிய காய்ந்த இறாலைப் போட்டுக்கொண்டு, அது சௌகரியமாக இருப்பதாக இவன் நம்பியிருக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. நம் ஒழுக்கம் பெரும்பாலும் கேட்கப்பட்டதற்குப் பதில் சொல்லும் ஒழுக்கம்தான். கேட்காத ஜீவனிடம் நமக்குள்ள கடன் குறைகிறதா, கூடுகிறதா? கூடுகிறது என்றே நினைக்கிறேன். அந்தப் பக்கம் கணக்கு வைத்துக்கொள்ள யாருமில்லையே.

சரி, விட்டுவிட்டால்? அதன் பூர்வீகம் மிஸிஸிப்பி நதிப் படுகை. குழந்தைகளுக்கு ஸால்மொனெல்லா நோய் தொற்றியதால் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இல் தடை செய்தது. அங்கே விற்க முடியாத குஞ்சுகள் உலகெங்கும் ஏற்றுமதியாயின. 1997இல் ஐரோப்பா இறக்குமதியை நிறுத்திக்கொண்டது. வளர்ந்ததும் எல்லா ஊர்களிலும் யாரோ ஒருவர் இரக்கப்பட்டுக் குளத்தில் விட்டிருக்கிறார். அது அங்குள்ள ஆமைகளின் தீனியையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொண்டது. இந்த மலையின் ஓடைகள் கோமுகி அணைக்கு இறங்குகின்றன. கீழே ஏரிகளில், கிணறுகளில் பாலாமை இருக்கிறது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பயந்தவர்களே தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று கிணற்றில் ஆமையை விட்டார்கள். இந்த முரண்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. நட்சத்திர ஆமைக்கோ தண்ணீரில் வாசமே கிடையாது, முட்புதர்க்காட்டுப் பிராணி. தொட்டியில் போட்டால் மூழ்கிச் சாகும். அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். 2019இல் சர்வதேச வியாபாரமும் தடையாயிற்று. ஆனாலும் பெட்டிகளில் அடைத்து விமானத்தில் கடத்துகிறார்கள்.

ஆக, ஓடையில் விடுவதால் விடுதலையாகிறவன் மைத்துனன் மட்டுமே. அவன் 'பாவம்' என்றது ஆமையைத்தானா என்பதில் எனக்குச் சந்தேகம்.

இதைச் சொல்லிவிட்டுத் தப்பித்துவிட முடியவில்லை. தொட்டி என் வீட்டில் இருக்கிறது. இந்த ஜாதி முப்பது வருஷம்கூட இருக்கும். எனக்கு 58. கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சி சாலையில் 2006இல் செத்துப்போன அத்வைதா என்ற ஆமை கிளைவ் வளர்த்தது என்பார்கள். நிரூபணம் கிடையாது. ஆனால் வளர்த்தவர்கள் எல்லோரும் போன பிறகும் அது இருந்தது என்பதில் சந்தேகமில்லை. என் கடன் என்னோடு முடியாத பட்சத்தில் அதை யார் தலையில் வைப்பது? மகளிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் சரி என்பாள். அது சம்மதமா, நிர்ப்பந்தமா?

மார்கழியில் ஆமை சாப்பிடுவதை நிறுத்தியது. உடம்பு குளிர்ந்தால் செரிக்காது, அப்போது தீனி போடுவது கெடுதல். பனி விலகியதும் வாசலுக்குத் தூக்கி வருகிறேன், நாய் வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். கழுத்தை நீட்டி, பின்கால்களை விரித்துப் போட்டுக் காய்கிறது. கொத்தனாரிடம் பின்கட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டச் சொல்லியிருக்கிறேன், ஒரு பக்கம் ஏறி வர சரிவு வைத்து. மீனுக்கா என்றார். ஆமைக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மணல் கீழே கச்சிராயபாளையத்திலிருந்துதான் வர வேண்டும், தை பிறக்கட்டும் என்றார்.