காரணமும் குற்றமும்

அண்மையில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தோம். அங்கே மூன்று மாதக் குழந்தைக்கு இருதயத்தில் துவாரம் இருப்பதாக வைத்தியர் கூறியிருந்தார். குழந்தையை மடியில் வைத்திருந்த தாய் அழுதழுது சொன்னாள்: "டொக்டரும் என்னைத்தான் கேட்டவர், வீட்டிலையும் என்னைத்தான் கேட்கினம். நான் என்ன பிழை விட்டனான், சுவாமி?"

வைத்தியர் கேட்டது உண்மைதான். பால் குடிக்கும்போது குழந்தை களைக்கிறதா, வியர்க்கிறதா, அழும்போது உதடு நீலம் பாரிக்கிறதா, நிறை கூடுகிறதா என்று அவர் கேட்பார். கர்ப்ப காலத்தில் நீரிழிவு இருந்ததா, ஜேர்மன் சின்னமுத்து வந்ததா, என்ன மருந்து எடுத்தீர்கள், குடும்பத்தில் வேறெவருக்கும் பிறவியிலேயே இருதய நோய் உண்டா என்றும் கேட்பார். பின்பு கையிலும் தொடை மடிப்பிலும் நாடியைத் தொட்டுப் பார்ப்பார். குழாய் வைத்து இருதயத்தைச் செவிமடுப்பார். இரத்தத்தில் ஒட்சிசன் போதுமா என அளப்பார். இரைச்சல் கேட்டது என்பதற்காக மட்டும் நோய் என்று தீர்ப்பிடமாட்டார். சுகமான பிள்ளைகள் பலரிடத்திலும் தீங்கற்ற இரைச்சல் கேட்பதுண்டு. ஒலியலைகளால் இருதயத்தைப் படமாகக் காட்டும் 'எக்கோ' பரிசோதனையின் பின்னரே பெரும்பாலும் முடிவு சொல்வார்.

வீட்டாரும் கேட்கிறார்கள். கிரகணத்தன்று வெளியே போனாளா? எதைத் தின்றாள்? யாருடைய பரம்பரையில் வந்தது? இரு சாராரும் 'ஏன்' என்றே கேட்கின்றனர். ஆனால் வைத்தியர் தேடுவது காரணத்தை. வீட்டார் தேடுவது குற்றவாளியை. முன்னவரின் கேள்வி குழந்தையை நோக்கிச் செல்கிறது. பின்னவரின் கேள்வி தாயிடமே நின்றுவிடுகிறது.

அறிவும் சம்மதமும் இல்லாத இடத்தில் குற்றம் இல்லை என்பது ஒழுக்கவியலின் பாலபாடம். உயிரோடு பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்கு ஏதோவொரு பிறவி இருதயக் குறை உண்டு. பெரும்பாலானவற்றுக்குத் திட்டவட்டமான காரணம் காணப்படுவதில்லை. இருதயத்தின் பிரதான அமைப்போ கருவின் முதல் 8 வாரங்களுக்குள் உருவாகிவிடுகிறது. தான் தாயாகப் போவதைப் பல பெண்கள் அப்போதுதான் அறிகிறார்கள். அறியாத ஒன்றுக்கு அவளை எப்படிக் குற்றவாளியாக்குவது? பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

அப்படியானால் எவருக்கும் பொறுப்பே இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். பொறுப்பு உண்டு. 1941ஆம் ஆண்டில் சிட்னி நகரின் கண் வைத்தியர் நோர்மன் கிரெக், கண்புரையுடன் பிறந்த குழந்தைகள் பலரைக் கண்டார். அவர்களுட் பலருக்கு இருதயக் குறையும் இருந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தங்களுக்கு ஜேர்மன் சின்னமுத்து வந்ததென்று தாய்மார் சொன்னதை அவர் அசட்டை செய்யவில்லை. அவர் வெளியிட்ட உண்மை பின்னர் தடுப்பூசிக்கு வழி காட்டியது. இலங்கையிலும் 1996 முதல் அது வழங்கப்படுகிறது. அன்று அத்தாய்மார் பழிக்கு அஞ்சி வாய் மூடியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர்களுள் எவரும் குற்றவாளியல்லர். ஆனால் அவர்கள் சொன்ன உண்மை நமக்கு ஒரு கடமையைத் தந்தது. அறிவு பின்னோக்கிப் பழி சுமத்துவதற்கன்று. முன்னோக்கிக் கடமையைக் காட்டுவதற்கே.

பழிக்கு அஞ்சும் தாய், தான் எடுத்த மருந்தை வைத்தியரிடம் மறைப்பாள். கிளினிக் நாளையும் தவறவிடுவாள். நட்டம் குழந்தைக்கே. சிறிய துவாரங்கள் பல தாமாகவே மூடிக்கொள்கின்றன. பெரியவற்றைச் சத்திரசிகிச்சையால் மூடலாம். ஆனால் உரிய காலத்தில் கண்காணிப்பு வேண்டும்.

அந்தத் தாய்க்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "பிள்ளை, நீ ஒரு பிழையும் விடவில்லை. டொக்டர் கேட்டால் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லு." வாசலில் நின்ற மாமியாரிடமும் ஒன்று சொன்னோம்: "அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கோ, அம்மா. குழந்தையைத் தூக்க இன்னுமொரு கை வேண்டும்."