மகவேற்பும் மனையறமும்

பெற்றவரே தாய்தந்தையர், பெறாது வளர்த்தோர் வளர்த்தோரே என்பது உலகவழக்கு. பிறர் ஈன்ற குழவியை ஏற்று வளர்க்கும் இல்லறத்தார் நெஞ்சிலும், அங்ஙனம் வளர்ந்த பிள்ளையின் நெஞ்சிலும் இவ்வழக்கு முள்ளெனத் தைத்து நிற்றலைக் காண்கின்றோம். ‘நீ எம் பிள்ளை’ என்று கூறுதல் உபசார மாத்திரையோ, உண்மையோ? இவ்வினாவுக்குச் சித்தாந்தம் தரும் விடை யாதென ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் அநாதி என்பது நம் சமயத்தின் முதற்கோள். இறைவன் உயிர்களைப் படைத்தானல்லன். அவையும் அவனைப் போலவே தோற்றமில்லாதன. உயிர்களின் பொருட்டு அவன் மாயையினின்று தோற்றுவிப்பன தனு கரண புவன போகங்களேயாம். ஆயினும் அவனை அம்மையப்பன் என்றே அழைக்கின்றோம். பெறாத உயிர்கட்கு அவன் தந்தையானது எங்ஙனம்? மலத்தில் அழுந்திக் கிடக்கும் அவற்றின்மீது வைத்த கருணையாலும், அவை பக்குவமெய்துமளவும் ஓயாது இயற்றும் ஐந்தொழிலாலுமன்றோ? ஆகவே, தாய்மையும் தந்தைமையும் பிறப்பித்தலான் மட்டும் வருவன அல்ல, அருளான் வருவன என்பது சைவர்க்கு இனிது பெறப்படும். இறைவன்பால் ஒழுகும் மகன்மை நெறியைச் சற்புத்திர மார்க்கமெனப் போற்றும் நாம், மனையில் ஏற்கப்பட்ட மகவை ‘உண்மையிற் பிள்ளையன்று’ என்பது நம் கொள்கையோடு முரணுவதாம்.

இதற்கு இலக்கியம் பெரியபுராணத்திலேயே உளது. திருநாவலூரிலே சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகவாய்த் தோன்றிய நம்பியாரூரர், தெருவிலே சிறுதேர் உருட்டி விளையாடுங்கால், நரசிங்கமுனையரையர் கண்டு காதலித்து, பெற்றோரை வேண்டிப் பெற்றுத் தம் மகனாக வளர்த்தனர். அங்ஙனம் வளர்ந்த நம்பிகள் திருத்தொண்டத்தொகையிலே முனையரையரையும் அடியாராக வைத்துப் போற்றினர். தம்மைப் பெற்றாரையும் அப்பதிகத்தின் இறுதியிலே எடுத்தோதினர். ஒரு நன்றி மற்றொரு நன்றியை அழித்திலது. பின்னர் நாட்டியத்தான்குடியிலே கோட்புலியார் தம் புதல்வியராகிய சிங்கடியார், வனப்பகையார் இருவரையும் அடிமைகளாக அளித்தபோது, அவர்களைத் தம் மக்களாகவே ஏற்றுத் தம்மைச் ‘சிங்கடியப்பன்’ என்று வழங்கிக்கொண்டனர். பிள்ளைக்குத் தந்தை பெயர் ஈவது உலகியல். இங்கே பிள்ளையின் பெயரைத் தந்தை பூண்டனர். உரிமை என்பது இருபாலும் செல்லும்போதே முழுமையுறும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

முற்காலத்துச் சுவீகாரம் பெரும்பாலும் ஆண்மகவைப் பற்றியதே. பிதிர்க்கடன் ஆற்றுதற்கும் குலப்பெயர் தொடர்தற்கும் ஒருவன் வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1956-ஆம் ஆண்டிற் பிறந்த இந்து மகவேற்புச் சட்டம் பெண்மகவை ஏற்றற்கும் இடந்தந்தது. ஏற்ற நாள்தொட்டு அம்மகவு ஏற்றோரின் மகவே என விதித்தது. மனைவியின் இசைவையும் வேண்டியதாக்கியது. 2022-ஆம் ஆண்டின் மகவேற்பு ஒழுங்குமுறைகளோ, உறவினர் மகவை ஏற்றல் முதலியன ஒழிய, தம்பதியர் ஏற்பதாயின் இரண்டாண்டேனும் நிலைபெற்ற மணவாழ்வு வேண்டும் என்கின்றன.

மகவை அளிப்போர் மணவாழ்வை நோக்குவது ஏன்? தூத்துக்குடிச் சிவன்கோயிலிலே சங்கரராமேசுவரப் பெருமானுடன் வீற்றிருந்தருளும் அம்மையின் திருப்பெயர் பாகம்பிரியாள் என்பது. சிவமும் சத்தியும் தீயும் சூடும்போலப் பிரிவின்றி நிற்றலானே உயிர்கட்குப் புகலுண்டு. இல்லத்தும் அஃதொக்கும். பெற்ற பிள்ளை தாய்தந்தையர் பிணக்கைப் பிணக்காகவே காணும். முன்னரே ஒரு மனையை இழந்துவந்த பிள்ளையோ, இம்மனையும் போய்விடுமோ என்று அஞ்சும். ‘நின் விருப்பத்தாலன்றோ இதனைக் கொணர்ந்தோம்’ என்று சினத்தில் ஒருவர் மற்றொருவரை நோக்கிக் கூறும் ஒரு சொல், பல்லாண்டு ஊட்டிய சோற்றை நஞ்சாக்கும். ‘எடுத்து வளர்த்தேனே’ எனப் பிள்ளையை நோக்கிக் கூறுவதும் அத்தகையதே. கணக்கிட்டுக் காட்டப்படுவது அருளாகாது. ஆதலின், கணவனும் மனைவியும் ஒருவர்மாட்டு ஒருவர் வைத்த அன்பைப் பேணுதலே அவர் அப்பிள்ளைக்குச் செய்யும் முதலுதவி என்க.

இனி ஒரு தடை. தூத்துக்குடியில் வாழ்ந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களும் உரைகண்ட சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரம், வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனை உயிர்க்கு உவமையாக்குகின்றது. வளர்த்தோர் வேடராகவும் உண்மைத் தந்தை மன்னனாகவும் நிற்றலின், வளர்ப்புறவு பொய்யென்பதன்றோ கருத்து எனின், அன்று. வேடரெனப்பட்டன ஐம்புலன்கள். அவற்றின் குற்றம் பெறாமையன்று. ‘நான் இன்னான்’ என்று உயிர் அறியவொட்டாது மயக்குதலே. எனவே, இவ்வுவமை வளர்த்தோரை இகழ்வதன்று. மறைத்து வளர்த்தலை விலக்குவதாம். அன்பு குன்றுமோ என்று அஞ்சிப் பிறப்பினை மறைப்போர் பலர். அவ்வுண்மை ஒருநாள் மணப்பேச்சிலோ சொத்து வழக்கிலோ அயலார் வாயினின்று வெளிப்படும். அன்று பிள்ளைக்குக் கடந்தகாலம் முழுதும் பொய்யாய்த் தோன்றும். அரசகுமாரனுக்கு உண்மையுரைத்தவன் தந்தையே. அதுபோல ஏற்ற தாய்தந்தையரே, மழலைப் பருவந்தொட்டு, வயதுக்கேற்ற அளவில், நம்பியாரூரர் வரலாற்றைக் கூறுவதுபோல இனிதாகக் கூறிவருதல் வேண்டும். ஈன்றோரை இழித்துரைத்தலும் ஆகாது.

இவ்வூர்க் கடல்முத்தும் இதனை ஒருவாறு விளக்கும். 1961-ஆம் ஆண்டோடு இங்குப் பெருமுத்துக்குளிப்பு ஓய்ந்தது. 1973-இல் தூத்துக்குடியிலே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் முத்தினை வளர்த்தெடுப்பதில் வெற்றிகண்டனர். ஓட்டினாலாய சிறுமணி ஒன்றையும், பிறிதொரு சிப்பியின் மெல்லிய தசைத்துணுக்கு ஒன்றையும் ஒரு சிப்பியினுள்ளே பதித்துக் கடலில் விடுவர். அத்துணுக்கு மணியைச் சூழ்ந்து பையாகி, முத்துப்பொருளைப் படலம் படலமாகச் சுரக்கும். அதற்கு ஊட்டமும் உயிர்ப்பும் தருவது ஏற்ற சிப்பி. ஈந்த சிப்பியின் இயல்பும் அழிந்திலது. ஏற்ற சிப்பியின் உழைப்பும் வீணாயிற்றிலது. முத்தை அறுத்து நோக்கின் நடுவே அம்மணி இருந்தபடியே இருக்கும். அதுபற்றி அதனை முத்தன்று என்பார் யார்?

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்தத் துணிபு. ஒருவரையொருவர் பிரியாத தாய்தந்தையரையும், மறைக்கப்படாத உண்மையையும் சார்ந்து வளரும் மகவு அன்பின் வண்ணமே எய்தும். அம்மகவைப் பிள்ளையென்பது உபசாரமன்று, உண்மையேயாம்.