காணாமையும் இன்மையும்: ட்ரோன் பதிவேட்டை முன்வைத்து ஓர் அளவை ஆய்வு

ஒரு பொருள் இல்லை என்பது எந்த அளவையால், அதாவது அறியும் வழியால், அறியப்படுகிறது என்ற வினா இந்தியத் தத்துவ மரபில் நெடுங்காலம் வாதிக்கப்பட்டது. தரையில் குடம் இல்லை என்ற அறிவு காட்சியாலேயே கிடைப்பது என நியாய நூலார் கொண்டனர். குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்களோ, இல்லாத ஒன்றோடு கண் எவ்வாறு தொடர்புகொள்ளும் என்று கேட்டு, காணாமையையே இன்மையை உணர்த்தும் தனி அளவையாக்கி, அதனை அனுபலப்தி என்றனர். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் அபாவத்தை, அதாவது இன்மையை, தனி அளவையாகக் கொள்வோரையும் எடுத்துக்கூறி, எல்லா அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறார். இவ்வாறு பிரிந்து நின்றாலும், இருந்திருந்தால் புலப்பட்டிருக்கும் என்று சொல்லத்தக்க சூழலில்தான் காணாமை சான்றாகும் என்ற நிபந்தனையை நியாய நூலாரும் மீமாம்சகர்களும் ஏற்றனர். இத்தகுதிக்கு யோக்கியதை என்று பெயர்; இருட்டறையில் குடம் தென்படவில்லை என்பது குடம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இந்நிபந்தனை இன்று நாள்தோறும் சோதிக்கப்படும் இடங்களுள் ஒன்று, ட்ரோனின் சமநிலையையும் போக்கையும் நடத்தும் ஃப்ளைட் கண்ட்ரோலர் என்னும் சிறு கணினியாகும். ட்ரோன் விழுந்து நொறுங்கிய பின் காரணம் தேடுவோர் அக்கணினி எழுதிவைத்த பதிவேட்டைத் திறக்கின்றனர். ஆனால் எதை எழுத வேண்டும் என்பது பறப்பதற்கு முன்பே அமைப்புகளால் முடிவாகிவிடுகிறது. ஆர்டுபைலட் என்ற திறமூல மென்பொருளில் லாக் பிட்மாஸ்க் என்னும் அமைப்பு ஒற்றை எண். அதனை இரும எண்ணாக விரித்தால் ஒவ்வோர் இடமும் ஒரு வகைத் தரவைப் பதியவோ விடவோ கட்டளையிடுவது தெரியும். மல்டிகாப்டர்களுக்குப் பல பதிப்புகளில் இயல்பு மதிப்பாக இருந்த 176126 என்ற எண்ணில், வலமிருந்து எண்ணினால், சாய்வை முழு வேகத்தில் பதியும் முதல் இடம் அணைந்தும், நொடிக்குப் 10 முறை பதியும் இரண்டாம் இடம் எரிந்தும் இருக்கும். நொடிக்கு 10 முறை மட்டுமே பார்க்கும் பதிவு, நொடிக்கு 5 முறைக்கு மேல் நிகழும் அதிர்வை உள்ளபடி காட்ட இயலாது. அதனினும் கேடாக, விரைந்த அதிர்வை மெதுவான அலையாகத் திரித்துக் காட்டவும் கூடும். முன்னது காணாமை, பின்னது திரிபுக் காட்சி.

ஆகவே பதிவு அமைப்பு என்பது யோக்கியதையின் எழுத்து வடிவம் எனலாம். அதனை வாசிக்கும் வேலை இப்போது ஏஐ ஏஜென்ட்டுகளிடமும் ஒப்படைக்கப்படுகிறது. மொழி மாதிரி ஒரு கருவியை அழைக்க, அக்கருவி மாவ்லிங்க் என்னும் தகவல் நெறிமுறையில் அமைப்பின் பெயரைக் கேட்டு அனுப்ப, திரும்பி வரும் எண்ணை மாதிரி எளிய மொழியில் விளக்குகிறது. இங்கே சிக்கல் இரட்டிக்கிறது. கேட்ட பெயரில் அமைப்பே இல்லையென்றால் பெரும்பாலும் மறுமொழி வராது. வானொலித் தொடர்பு அறுந்தாலும் மறுமொழி வராது. அமைப்பு இருந்து அதன் மதிப்பு சுழியமாக இருப்பது மூன்றாவது நிலை. கவனமின்றி எழுதப்பட்ட கருவி இம்மூன்றையும் வெறுமை என்றே திருப்பித் தருமானால், பதிவு நிறுத்தப்பட்டுள்ளது என்று ஏஜென்ட் தயங்காமல் சொல்லும்; காணாமை இன்மையாக மாறும் இடம் அதுவே.

பொருளை நேரே அறிந்து, அறிந்தவாறே பிறருக்கு உணர்த்த விரும்புபவனே ஆப்தன், அதாவது நம்பத்தக்க உரையாளன் என நியாய உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் வரையறுத்தார். ஏஜென்ட்டுக்கு விருப்பம் உண்டா என்ற விவாதம் சுவையானதே எனினும் இங்கு வேண்டுவதில்லை. நேரே அறிதல் என்ற முதற்பகுதியிலேயே அது தவறிவிடுகிறது. கருவி தந்த எண் உரையளவை. அதற்கு ஏஜென்ட் தரும் பொருள் கருதலளவை. இரண்டும் ஒரே வாக்கியத்தில் ஒரே உறுதியோடு வெளிப்படுவதே ஏமாற்றத்துக்கு வாயிலாகிறது. மேலும், இன்று வாசிக்கப்படும் அமைப்பு விபத்து நாளின் அமைப்பாக இருக்க வேண்டியதில்லை. அன்றைய மதிப்புகள் அன்றைய பதிவேட்டிலேயே பார்ம் என்ற வரிகளாக எழுதப்பட்டிருப்பதால், நேர்மையான விசாரணை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

அவ்வரிகளும் எதைப் பதிய அனுமதி இருந்தது என்பதை மட்டுமே சொல்கின்றன. நினைவட்டை மெதுவாக இருந்து இடைத்தாங்கி நிரம்பினால் சில தகவல்கள் எழுதப்படாமலே விடுபடும். அவ்வாறு எழுத மறுக்கப்பட்டவை எத்தனை என்பதை ஆர்டுபைலட் அதே பதிவேட்டில் டிஎஸ்எஃப் என்ற வரியில் குறித்துவைக்கிறது. ஒவ்வோர் இன்மைக்கும் பிரதியோகி, அதாவது எது இல்லையோ அந்தப் பொருள், குறிக்கப்பட வேண்டும் என்பது நியாயக் கொள்கை. இந்த வரியோ எண்ணிக்கையைத் தருகிறது, பிரதியோகியைத் தருவதில்லை.